ரௌட்டரின் ஈதர்நெட் போர்ட் வேலை செய்யாதபோது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

இந்த வழிமுறை சிஸ்கோ நிறுவனத்தின் ஐஓஎஸ் என்ற இயக்க மென்பொருள் ஓடும் ரௌட்டரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வேறு நிறுவனத்தின் ரௌட்டரில் கட்டளைச் சொற்கள் மாறினாலும், கோளாறுகளும் அவற்றைத் தேடிச் செல்லும் முறையும் பெரும்பாலும் இவையே. கட்டளைகளை அவற்றின் உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ரௌட்டரில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் தட்ட வேண்டியது "ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்". கான்ஃபிக் மோடுக்குள் (அமைப்புகளை மாற்றும் நிலைக்குள்) நுழைந்து எதையாவது மாற்றிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதைச் சற்று அடக்கிக்கொண்டு, அந்தக் கட்டளை காட்டும் அட்டவணையின் கடைசி இரண்டு பத்திகளைப் படியுங்கள். முதலாவது ஸ்டேட்டஸ், கேபிளும் மின் சமிக்ஞையும் சரியாக இருக்கின்றனவா என்பதை அது சொல்கிறது. இரண்டாவது புரோட்டோகால், அந்தக் கேபிளின் மேல் ஃப்ரேம் (ஈதர்நெட் அனுப்பும் தரவுத் தொகுப்பு) ஓடும் நிலை இருக்கிறதா என்பதைச் சொல்கிறது. கீழே உள்ள தலைப்புகளில் எதற்குப் போக வேண்டும் என்பதை இந்த இரண்டு சொற்களே பெரும்பாலும் முடிவு செய்துவிடும்.

கான்சோல் திரை வெறுமையாக இருக்கிறது, அல்லது குப்பை எழுத்துகள் வருகின்றன

கான்சோல் என்பது கணினியை நேரடியாகக் கேபிளால் இணைத்து ரௌட்டருக்குக் கட்டளை தரும் போர்ட். டெர்மினல் மென்பொருளின் வேகம் ரௌட்டரின் கான்சோல் வேகத்தோடு பொருந்தவில்லை என்றால்தான் குப்பை எழுத்துகள் வரும். வழக்கமான அமைப்பு 9600 பாட், 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். திரையில் செய்திகள் தெளிவாக வருகின்றன, ஆனால் நாம் தட்டும் எழுத்து மட்டும் ஏறவில்லை என்றால், டெர்மினலில் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் இயங்குகிறதா என்று பாருங்கள். அதை "நன்" என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கான்சோல் போர்ட்டும் ஈதர்நெட் போர்ட்டும் ஒரே வடிவ ஆர்ஜே 45 துளைகளாக அருகருகே இருக்கும் ரௌட்டர்களில் கேபிளை மாற்றிச் செருகுவதும் நடக்கும்.

ஸ்டேட்டஸில் "அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்" என்று இருக்கிறது

போர்ட்டை ஒருவர் நிறுத்தி வைத்திருக்கிறார், அல்லது ஒருவரும் இன்னும் இயக்கவில்லை என்பதே இதன் பொருள். சுவிட்ச் போர்ட்டுகள் வழக்கமாக இயங்கும் நிலையிலேயே வருகின்றன. ரௌட்டரின் போர்ட்டுகளோ நிறுத்தப்பட்ட நிலையில் வருகின்றன. அதனால் சுவிட்சில் பழகிய கை இந்த ஒரு படியை எளிதில் மறந்துவிடும். இன்டர்ஃபேஸ் மோடுக்குள் (அந்தப் போர்ட்டின் அமைப்புக்குள்) சென்று "நோ ஷட்டவுன்" என்று தட்டினால் போதும். சப்இன்டர்ஃபேஸ்கள் (ஒரே போர்ட்டைப் பிரித்து உருவாக்கும் துணைப் போர்ட்டுகள்) வைத்திருப்பவர்கள் தாய் இன்டர்ஃபேஸையும் பார்க்க வேண்டும். தாய் நின்றிருந்தால் பிள்ளைகளை எத்தனை முறை இயக்கினாலும் பயனில்லை.

"டவுன், டவுன்"

நம் பக்கம் போர்ட் இயங்குகிறது, ஆனால் மறுமுனையிலிருந்து சமிக்ஞை எதுவும் வரவில்லை. இங்கே கான்ஃபிக்கைத் தொடுவதற்கு முன் போர்ட் விளக்கைப் பாருங்கள், கேபிளைப் பிடுங்கி மீண்டும் செருகுங்கள், மறுமுனைப் போர்ட் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். மறுமுனையில் சுவிட்ச் இருந்தால், அது பாதுகாப்பு விதி ஒன்றினால் போர்ட்டைத் தானே முடக்கி "எரர்-டிஸேபிள்டு" நிலையில் வைத்திருக்கவும் கூடும். அப்போது காரணத்தைச் சரிசெய்த பிறகு அந்தப் பக்கத்தில்தான் "ஷட்டவுன்", "நோ ஷட்டவுன்" இரண்டையும் அடுத்தடுத்துத் தர வேண்டும்.

கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்வதற்கு முன் ஒரு விவரத்தை நினைவில் கொள்ளுங்கள். 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு ஊசிகளில் அமைந்த இரண்டு இணைகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டு ஊசிகளும், நான்கு இணைகளும் வேண்டும். ஆகவே 4, 5, 7, 8 ஆகியவற்றில் ஒரு கம்பி அறுந்த கேபிள், பழைய 100 மெகாபிட் கருவியில் ஆண்டுக்கணக்காக ஒழுங்காக ஓடியிருக்கும். புதிய கிகாபிட் ரௌட்டரில் செருகிய அன்றே லிங்க் எழாமல் படுத்துக்கொள்ளும், அல்லது 100க்கு இறங்கிவிடும். "நேற்று வரை இதே கேபிள்தானே ஓடியது" என்ற வாதம் உண்மையாகவே இருக்கும். பழுதும் அந்தக் கேபிளிலேயே இருக்கும்.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. செம்புக் கேபிளுக்கும் ஃபைபர் மாட்யூலுக்கும் பொதுவான இரட்டைப் போர்ட் கொண்ட ரௌட்டர்களில் எந்த ஊடகம் பயன்பட வேண்டும் என்பதை "மீடியா-டைப்" கட்டளை முடிவு செய்கிறது. அது எஸ்எஃப்பி (ஃபைபர் மாட்யூல்) என்று இருக்க, நாம் ஆர்ஜே 45 துளையில் கேபிளைச் செருகிவிட்டுக் காத்திருப்போம். அடுத்தது நேர் கேபிளா, குறுக்குக் கேபிளா என்ற பழைய கேள்வி. கேபிளின் வகையைக் கருவியே அறிந்து சரிசெய்துகொள்ளும் ஆட்டோ-எம்டிஐஎக்ஸ் வந்த பிறகு அது மறந்தே போய்விட்டது. ஆனால் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் (இரு திசையிலும் ஒரே நேரத்தில் அனுப்புவதா, மாறி மாறி அனுப்புவதா என்ற அமைப்பையும்) கையால் நிலைநிறுத்தினால் பல கருவிகளில் அந்த வசதி வேலை செய்யாமல் போவதால், மறந்த கேள்வி அப்போது திரும்ப வந்து நிற்கும்.

"அப்", ஆனால் புரோட்டோகால் "டவுன்"

சாதாரண ஈதர்நெட் போர்ட்டில் இது அரிதாகவே வரும். வந்தால், பெரும்பாலும் அது உண்மையான போர்ட்டாக இல்லாமல் விலான் (சுவிட்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) இன்டர்ஃபேஸாக இருக்கும். சுவிட்ச் போர்ட்டுகள் உள்ளடங்கிய ரௌட்டரில் "இன்டர்ஃபேஸ் விலான் 10" உருவாக்கி ஐபியும் கொடுத்திருப்போம். ஆனால் 10 என்ற அந்த விலான் பட்டியலில் இல்லாமலோ, அதில் இயங்கும் போர்ட் ஒன்றுகூட இல்லாமலோ இருந்தால் புரோட்டோகால் எழாது. "ஷோ விலான்" வகைக் கட்டளையில் அந்த விலானையும் அதில் உள்ள போர்ட்டுகளையும் சரிபாருங்கள். சுவிட்ச் பக்கத்தில் "டவுன்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "மானிட்டரிங்" என்றும் இருந்தால் அது பழுதே இல்லை. அந்தப் போர்ட்டை யாரோ போக்குவரத்தைப் படியெடுத்துப் பார்க்க ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஐபி முகவரியைக் கொடுத்தால் ரௌட்டர் ஏற்க மறுக்கிறது

மறுப்புச் செய்தியை முழுமையாகப் படிப்பது இங்கே பாதி வேலையை முடித்துவிடும். "இன்வேலிட் இன்புட்" என்று வந்தால், அதற்கு மேலே ஒரு சிறு கூம்புக் குறி தெரியும். ரௌட்டருக்குப் புரியாமல் போன முதல் எழுத்து அந்தக் குறிக்கு நேர் மேலே இருக்கிறது. அந்த இடத்தில் கேள்விக்குறியைத் தட்டினால் அங்கே எவை வரலாம் என்பதை ரௌட்டரே பட்டியலிடும். "ஓவர்லாப்ஸ்" என்ற சொல் வந்தால், அதே நெட்வொர்க்கைச் சேர்ந்த முகவரி வேறோர் இன்டர்ஃபேஸில் ஏற்கெனவே இருக்கிறது. பழையதை நீக்காமல் புதிய போர்ட்டுக்கு முகவரியை இடம் மாற்றும்போது இது நிகழும். "எல்2 லிங்க்" என்ற சொல் வந்தால், நீங்கள் முகவரி கொடுப்பது சுவிட்ச் வகைப் போர்ட்; அதற்குரிய விலான் இன்டர்ஃபேஸில்தான் முகவரியைக் கொடுக்க வேண்டும். சப்இன்டர்ஃபேஸில் மறுத்தால், அது எந்த விலானுக்கு என்று சொல்லும் "என்கேப்சுலேஷன் டாட்1கியூ" வரியை முதலில் எழுதிவிட்டு, பிறகு முகவரியை எழுதுங்கள்.

இரண்டும் "அப்", ஆனால் பிங் போகவில்லை

கீழ் அடுக்கு சரியாக இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. இனி முகவரிகளின் கணக்கு. நேரடியாக இணைந்த பக்கத்துக் கருவிக்கு மட்டும் முதலில் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்யுங்கள். எங்கோ தொலைவில் உள்ள சர்வருக்குப் பிங் செய்து பார்த்து ஈதர்நெட்டின் மேல் பழி போடுவது நேர விரயம்.

ஐஓஎஸ் பிங் 100 பைட் கொண்ட ஐந்து பாக்கெட்டுகளை அனுப்புகிறது. முதலில் ஒரு புள்ளியும் பின்னால் நான்கு வியப்புக்குறிகளும் வந்து, 80 சதவீத வெற்றி என்று காட்டினால் கவலை வேண்டாம். பக்கத்துக் கருவியின் மேக் முகவரியை (போர்ட்டின் வன்பொருள் முகவரியை) ஏஆர்பி என்ற கேள்வி-பதில் முறை மூலம் கேட்டு அறிவதற்குள் முதல் பாக்கெட் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். ஐந்தும் புள்ளிகளாக இருந்தால் "ஷோ ஏஆர்பி" தட்டுங்கள். அந்த முகவரிக்கு எதிரே "இன்கம்ப்ளீட்" என்று இருந்தால் கேள்வி போயும் பதில் வரவில்லை என்று பொருள். இரு முனைகளும் வெவ்வேறு விலானில் இருக்கலாம், அல்லது மறுமுனையின் முகவரியே நாம் நினைப்பது அல்லாமல் இருக்கலாம். மேக் முகவரி முழுமையாகத் தெரிந்தும் பிங் வரவில்லை என்றால், மறுமுனையின் ஃபயர்வால், நம் ஆக்சஸ் லிஸ்ட் (எதை அனுமதிப்பது என்ற பட்டியல்), இரு பக்க மாஸ்க் (முகவரியில் நெட்வொர்க் பகுதி எது என்று காட்டும் எண்) ஆகியவற்றைப் பாருங்கள். கருவியை மாற்றிய பிறகு மட்டும் பிங் நின்றுபோயிருந்தால், பழைய மேக் முகவரி அட்டவணையில் தங்கியிருக்கக்கூடும். சிஸ்கோ ரௌட்டர் ஒரு ஏஆர்பி பதிவை வழக்கமாக 4 மணி நேரம் வைத்திருக்கும் என்பதால், "கிளியர் ஏஆர்பி" தட்டுவதே விரைவான வழி.

பக்கத்துக் கருவிக்குப் பிங் போகிறது, வெளியே மட்டும் போகவில்லை என்றால் டீஃபால்ட் ரூட்டைப் (வேறு வழி தெரியாத பாக்கெட்டுகள் போகும் வழியைப்) பாருங்கள். "ஐபி டீஃபால்ட்-கேட்வே" என்ற வரியை எழுதிவிட்டு அது வேலை செய்யும் என்று நம்புவோர் பலர். ஐபி ரூட்டிங் இயங்கும் ரௌட்டரில் அந்த வரிக்கு எந்த விளைவும் இல்லை. "ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0" என்று தொடங்கி அடுத்த கருவியின் முகவரியில் முடியும் வரிதான் வேண்டும். முகவரிக்குப் பதில் வெறும் இன்டர்ஃபேஸ் பெயரை அங்கே எழுதிவிட்டால், ஈதர்நெட்டில் ரௌட்டர் உலகத்திலுள்ள ஒவ்வோர் இலக்கையும் பக்கத்தில் இருப்பதாகவே எண்ணி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஏஆர்பி கேள்வி அனுப்பும். மறுமுனை ரௌட்டர் பிராக்ஸி ஏஆர்பி மூலம் அத்தனைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் வரை எல்லாம் ஓடும். அங்கே ஒருநாள் அந்த வசதியை அணைத்தால், நம் பக்கம் எதையுமே மாற்றாத நிலையில் இணைப்பு செத்துவிடும்.

பிங் போகிறது, ஆனால் கோப்பு நகர மறுக்கிறது

அதிக நேரத்தை விழுங்குவது இந்த அறிகுறிதான், ஏனென்றால் மேலோட்டமான சோதனைகள் எல்லாவற்றிலும் போர்ட் தேறிவிடும். காரணங்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது டூப்ளெக்ஸ் பொருந்தாமை. அதாவது ஒரு முனை முழு டூப்ளெக்ஸிலும் மறுமுனை அரை டூப்ளெக்ஸிலும் இருப்பது.

இது எப்படி உண்டாகிறது என்பது புரிந்துவிட்டால் தேடுவது எளிது. ஒரு முனையில் ஒருவர் "ஸ்பீடு 100", "டூப்ளெக்ஸ் ஃபுல்" என்று நிலைநிறுத்துகிறார். மறுமுனை ஆட்டோவிலேயே, அதாவது வேகத்தையும் டூப்ளெக்ஸையும் பேசி முடிவு செய்யும் நிலையிலேயே, இருக்கிறது. நிலைநிறுத்தப்பட்ட முனை பேச்சுவார்த்தைச் சமிக்ஞை அனுப்புவதை நிறுத்திவிடும். ஆட்டோ முனை வரும் சமிக்ஞையின் தன்மையைக் கொண்டு வேகம் 100 என்பதைத் தானே கண்டுபிடித்துவிடும். ஆனால் டூப்ளெக்ஸைச் சமிக்ஞையிலிருந்து அறிய வழியில்லை என்பதால், தரநிலை சொல்லும்படி அரை டூப்ளெக்ஸை எடுத்துக்கொள்ளும். நல்ல எண்ணத்தோடு ஒருவர் செய்த "உறுதியான" அமைப்புதான் இங்கே பழுதைப் பெற்றெடுக்கிறது.

அரை டூப்ளெக்ஸ் முனை, கம்பியில் யாரும் பேசவில்லை என்று கேட்டுப் பார்த்த பிறகே பேசும். முழு டூப்ளெக்ஸ் முனைக்கோ அந்தக் கட்டுப்பாடு கிடையாது. தனக்குத் தோன்றும்போது அனுப்பும். பிங் போன்ற மெல்லிய போக்குவரத்தில் இருவரும் ஒரே நேரத்தில் பேசும் வாய்ப்பு குறைவு. பெரிய கோப்பு ஒரு திசையில் பாய, அதற்கான ஒப்புகைகள் எதிர்த் திசையில் வரும்போது இரண்டும் ஓயாமல் மோதும். அரை டூப்ளெக்ஸ் முனை மோதலைக் கண்டதும் தன் ஃப்ரேமைப் பாதியில் நிறுத்திவிடும். அந்த அரைகுறை ஃப்ரேம் மறுமுனையில் சிஆர்சி (ஃப்ரேம் சிதையாமல் வந்ததா என்ற சரிபார்ப்பு) பிழையாகவோ, 64 பைட்டுக்குக் குறைவான ரன்ட் ஆகவோ பதிவாகும்.

ஆகவே "ஷோ இன்டர்ஃபேசஸ்" கட்டளையை இரு முனைகளிலும் தட்டி, எண்களை அருகருகே வைத்துப் படியுங்கள். அரை டூப்ளெக்ஸ் பக்கத்தில் "லேட் கொலிஷன்" ஏறும். ஃப்ரேமின் முதல் 64 பைட்டுகள் போன பிறகு நிகழும் மோதலுக்கு அந்தப் பெயர், ஒழுங்கான நெட்வொர்க்கில் அது சுழியாகவே இருக்க வேண்டும். முழு டூப்ளெக்ஸ் பக்கத்தில் சிஆர்சியும் ரன்ட்டும் ஏறும். இந்த இணைத் தடயங்கள் கிடைத்துவிட்டால் வேறு சோதனை தேவையில்லை. இரு முனைகளையும் ஆட்டோவில் விடுங்கள். மறுமுனை பழைய கருவியாக இருந்து முடியாது என்றால் இரு முனைகளையும் ஒரே மாதிரி நிலைநிறுத்துங்கள். என் கருத்தில் முதலாவதே சரி. செம்புக் கேபிளில் ஓடும் கிகாபிட் ஈதர்நெட்டுக்கு ஆட்டோ பேச்சுவார்த்தை கட்டாயம். எந்த முனையின் கடிகாரத்தை மற்றது பின்பற்றுவது என்பதுகூட அந்தப் பேச்சுவார்த்தையில்தான் தீர்மானமாகிறது.

எண்ணிகளைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை. "லாஸ்ட் கிளியரிங்" என்று தொடங்கும் வரியில் "நெவர்" என்று இருந்தால், நீங்கள் பார்க்கும் பிழைகள் சென்ற மாதம் யாரோ கேபிளை ஆட்டியபோது உண்டானவையாகவும் இருக்கலாம். 412 சிஆர்சி என்ற எண்ணைத் தனியாகப் பார்த்தால் அதற்குப் பொருளில்லை. "கிளியர் கவுன்டர்ஸ்" தட்டி, கோப்பை ஓடவிட்டு, சில நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். 0 என்பது 37 ஆகி, மறுமுறை 81 ஆகியிருந்தால் பழுது இப்போது நடந்துகொண்டிருக்கிறது. இரு பக்கமும் முழு டூப்ளெக்ஸாக இருந்தும், லேட் கொலிஷன் எங்கும் இல்லாமல், ஒரு பக்கத்தில் சிஆர்சி மட்டும் ஏறினால் அது கேபிள், கனெக்டர், மின் இடையூறு, அல்லது 100 மீட்டர் எல்லையைத் தாண்டிய நீளம். "அவுட்புட் டிராப்ஸ்" ஏறுவதைப் பழுதாக எண்ண வேண்டாம். போர்ட்டின் வேகத்தைவிட அதிகமான போக்குவரத்து அதன் வழியே வெளியேற முயல்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது.

சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் நிற்கின்றன

பிழை எண்ணிகள் எல்லாம் சுழி, சிறிய பாக்கெட்டுகள் போகின்றன, பெரியவை மட்டும் மறைந்துபோகின்றன என்றால் எம்டியூவைப் (ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவைப்) பாருங்கள். ஈதர்நெட்டின் வழக்கமான எம்டியூ 1500 பைட். பிபிபிஓஈ என்ற பிராட்பேண்ட் இணைப்பு முறை அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் 1492தான் மிஞ்சும். ஐஓஎஸ்ஸில் "பிங்" கட்டளையோடு முகவரி, "சைஸ் 1500", துண்டாக்காதே என்று சொல்லும் "டிஎஃப்-பிட்" ஆகியவற்றைச் சேர்த்துத் தட்டினால், வழியில் இடம் போதாதபோது வியப்புக்குறிக்குப் பதில் புள்ளியோ, துண்டாக்க முடியவில்லை என்பதைக் காட்டும் "எம்" என்ற ஆங்கில எழுத்தோ வரும். எண்ணைப் படிப்படியாகக் குறைத்து, எந்த அளவில் முதல் வெற்றி வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கணினியிலிருந்து சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஐஓஎஸ்ஸில் கொடுக்கும் அளவு ஐபி தலைப்பையும் சேர்த்தது, விண்டோஸிலும் லினக்ஸிலும் கொடுக்கும் அளவு தலைப்புகளுக்கான 28 பைட் நீங்கலானது. எனவே அங்கே 1472 என்பதே இங்கே 1500.

பிபிபிஓஈ இணைப்புக்கு இன்டர்ஃபேஸின் ஐபி எம்டியூவை 1492 ஆக்கி, "ஐபி டிசிபி அட்ஜஸ்ட்-எம்எஸ்எஸ் 1452" சேர்ப்பது வழக்கமான தீர்வு. எம்எஸ்எஸ் என்பது ஒரு டிசிபி பாக்கெட் சுமக்கும் தரவின் உச்ச அளவு; 40 பைட் வித்தியாசம் ஐபி, டிசிபி தலைப்புகளுக்கானது.

கட்டளையைத் தட்டியதும் தொலைவிலிருந்த இணைப்பே அறுந்துவிட்டது

இதை நானே செய்திருக்கிறேன். எந்த இன்டர்ஃபேஸ் வழியாக ரௌட்டருக்குள் நுழைந்திருந்தேனோ, அதற்கே புதிய "ஐபி அட்ரஸ்" வரியைக் கொடுத்தேன். புதிய வரி பழைய முகவரியின் இடத்தை அந்த நொடியே பிடித்துக்கொள்ளும். கான்ஃபிக் மோடிலிருந்து வெளியேறும் வரை அது காத்திருப்பதில்லை. அடுத்த வரியைத் தட்ட எனக்குத் திரை இல்லை. ரௌட்டரின் பக்கத்தில் ஆளும் இல்லை.

அன்றிலிருந்து தொலைவிலிருந்து எதையும் மாற்றும் முன் "ரீலோடு இன் 10" தட்டிவிடுகிறேன். பத்து நிமிடத்தில் ரௌட்டர் தானாக மறுதொடக்கம் ஆகி, சேமிக்கப்பட்ட பழைய கான்ஃபிக்கோடு எழும். மாற்றம் சரியாக அமைந்தால் "ரீலோடு கேன்சல்" தட்டிவிட்டுச் சேமிக்கலாம். "ரீலோடு இன் 10" தரும்போது மாற்றங்களைச் சேமிக்கவா என்று ரௌட்டர் கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். கேன்சல் செய்வதற்கு முன் பழக்கத்தில் "ரைட்" என்று தட்டிவிடாதீர்கள். தவறான கான்ஃபிக்கைச் சேமித்துவிட்டால், மறுதொடக்கம் உங்களை அதே சுவரில்தான் கொண்டுபோய் நிறுத்தும். ஜூனிப்பர் கருவிகளில் "கமிட் கன்ஃபர்ம்டு" என்ற கட்டளை இதே வேலையை மறுதொடக்கம் இல்லாமலேயே செய்கிறது; குறித்த நேரத்துக்குள் நாம் உறுதிப்படுத்தவில்லை என்றால் பழைய கான்ஃபிக் தானாகத் திரும்பும்.

மின்சாரம் போய் வந்ததும் எல்லா அமைப்பும் காணாமல் போகிறது

ஓடும் கான்ஃபிக்கை ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கில் (ரௌட்டர் தொடங்கும்போது படிக்கும் கோப்பில்) சேமிக்காமல் விட்டதே முதற்காரணம். "காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்" அதற்கு மருந்து. சேமித்தும் மறைகிறது என்றால் "ஷோ வெர்ஷன்" தட்டி, கடைசியில் வரும் கான்ஃபிக் ரெஜிஸ்டரை, அதாவது ரௌட்டர் எப்படித் தொடங்க வேண்டும் என்று சொல்லும் எண்ணை, பாருங்கள். அது ஹெக்ஸா 2102 ஆக இருக்க வேண்டும். 2142 ஆக இருந்தால், கடவுச்சொல் மீட்புக்காக யாரோ ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கைத் தவிர்க்கும்படி அமைத்துவிட்டு, திரும்ப மாற்ற மறந்திருக்கிறார்கள்.

அப்படிக் கடவுச்சொல்லை மீட்ட ரௌட்டரில் இன்னொரு விந்தையும் காத்திருக்கும். ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கை ஓடும் கான்ஃபிக்கின் மேல் காப்பி செய்ததும் முகவரிகள், ரூட்டுகள் எல்லாம் ஒழுங்காக வந்துவிடும்; ஆனால் ஈதர்நெட் போர்ட்டுகள் அனைத்தும் "அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்" என்று நிற்கும். கான்ஃபிக் இல்லாமல் எழுந்தபோது ரௌட்டர் எல்லாப் போர்ட்டையும் நிறுத்தி வைத்திருந்தது. சேமித்த கோப்பிலோ "நோ ஷட்டவுன்" என்ற வரி எழுதப்படுவதே இல்லை, ஏனென்றால் "ஷட்டவுன்" வரி இல்லாமையே அங்கே இயக்கத்தைக் குறிக்கிறது. ஆகவே இரண்டையும் கலந்தபோது போர்ட்டுகளை எழுப்பும் வரி எங்கிருந்தும் வரவில்லை. ஒவ்வொரு போர்ட்டுக்கும் கையால் "நோ ஷட்டவுன்" கொடுத்து, ரெஜிஸ்டரை 2102க்கு மாற்றி, அதன் பிறகு சேமியுங்கள்.